பாம்புக்கடியைத் தேய்த்துக் கழுவினோம், நாய்க்கடியைக் கட்டி வைத்தோம்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் இருப்பது சுங்கை பட்டாணியிலிருந்து உள்ளே தள்ளி, தோட்டத்தை ஒட்டிய தாமானில். மாமனாருக்கு 66 வயது, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு. பத்து நாளுக்கு முன் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போனவரைக் கணுக்காலுக்கு மேலே பாம்பு கடித்துவிட்டது. கால் வீங்கிவிட்டது. கடித்த பாம்பு அடித்துத் துரத்தும்வரை அதே இடத்தில் சுருண்டு கிடந்தது என்கிறார். கூட வெட்டுகிறவர் முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டி, பிளேடால் கீறிவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். பிறகு மோட்டாரில் கூட்டிப்போய் மந்திரித்தார்கள். வீட்டுக்கு வந்து, உடை மாற்றி, மருத்துவமனைக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. அங்கேயும் உடனே ஊசி போடவில்லை. ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தாமதம் ஏன்? ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். இப்போது இரண்டு நாளாகக் காய்ச்சல், உடம்பெல்லாம் அரிப்பு, மூட்டுக்கு மூட்டு வலி. விஷம் உள்ளே தங்கிவிட்டது என்கிறார்கள்.

இதற்கு நடுவில், என் 9 வயது மகனை ஒட்டுக்கடைப் பக்கம் திரியும் நாய் கெண்டைக்காலில் கடித்து ரத்தம் வந்துவிட்டது. மாமியார் மஞ்சளும் காபித்தூளும் வைத்துக் கட்டிவிட்டார். மறுநாள் கிளினிக்கில் முதல் ஊசி போட்டார்கள். இன்னும் நான்கு உண்டாம். நாய் நன்றாகத்தான் படுத்திருக்கிறது. மீதி ஊசி அவசியமா? இனி இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் விவரமாகச் சொல்லுங்கள்.

பதில்:

சகோதரி, முதலில் காத்திருக்க முடியாத இரண்டு விஷயங்கள்.

மாமனாருக்கு வந்திருப்பது பெரும்பாலும் விஷத்தால் அல்ல, விஷமுறிவு மருந்தால். அந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துச் சுத்திகரித்துக் குப்பியில் அடைக்கிறார்கள். நம் உடம்புக்கு அது அந்நியப் புரதம். ஒரு வாரம் கழித்து உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கும்போது காய்ச்சல், அரிப்பு, தடிப்பு, மூட்டு வலி, சிலருக்கு நெறிக்கட்டு எல்லாம் வரும். முதல் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். ஏழாம் நாளை ஒட்டி வருவதுதான் அதிகம். சில நாள் மாத்திரையில் அடங்கிவிடும். ஆனாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். கடிபட்ட கால் சிவந்து, சுடச்சுட இருந்தாலோ, சீழ் வைத்தாலோ அதே காய்ச்சலுக்குக் காரணம் வேறாகிவிடும், இனிப்பு நீர் உள்ளவருக்கு அது சாதாரணமில்லை. மருத்துவமனையில் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு அங்கேயே திரும்பக் கூட்டிப்போங்கள். அரிப்புக்கும் வலிக்கும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் சர்க்கரை ஏறும். குளுக்கோமீட்டர் இருந்தால் அந்த நாட்களில் காலையும் மாலையும் பாருங்கள்.

மகனுக்கு அடுத்த ஊசியை அட்டையில் எழுதிய நாளிலேயே போடுங்கள். நாய் இன்று நன்றாக இருக்கிறது என்பதால் ஊசியை நிறுத்த முடியாது. வெறிநோய் உள்ள நாயின் எச்சிலில், அது வெறிபிடித்தாற்போலத் தெரிவதற்குச் சில நாள் முன்பே கிருமி வந்துவிடும். அதனால்தான் 10 நாள் கணக்கு. கடித்த நாளிலிருந்து 10 நாள் அந்த நாய் அடையாளம் தவறாமல் கண்ணெதிரே இருந்து, தின்று, குடித்து, ஆரோக்கியமாக நடமாடினால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். அப்போது மீதி ஊசியை மருத்துவர் நிறுத்தலாம். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான், குரங்குக்குப் பொருந்தாது. ஒட்டுக்கடை நாய் என்கிறீர்கள், யாருடையதும் இல்லை. கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுத்தால் அவர்கள் கண்காணிப்பார்கள். யாராவது கோபத்தில் அடித்துக் கொன்றுவிட்டால் அந்த 10 நாள் சாட்சியமும் போய்விடும்.

ஊசி முறை பொதுவாக 0, 3, 7, 14, 28ஆம் நாட்களில். முதல் நாளிலேயே இரண்டு ஊசி போட்டு, 7, 21 என்று முடிக்கும் முறையும் உண்டு. எது எழுதியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். ஒரு நாள் தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, மறுநாளே போய் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேல்கையில் போடுவார்கள், குழந்தை மிகச் சிறியதென்றால் தொடையில். பிட்டத்தில் போட்டால் கொழுப்பில் தங்கிப் பலன் குறையும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்துவது பழைய மருந்துக் காலத்துக் கதை.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அதற்குத் தடுப்பூசியோடு, தயார்நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருளையும் காயத்துக்குள்ளேயே சுற்றிலும் ஊசியால் ஏற்ற வேண்டியிருக்கலாம். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க ஒரு வாரமாவது ஆகும். அந்த இடைவெளியை அடைப்பது இதுதான். மனித ரத்தத்திலிருந்து எடுத்ததென்றால் அளவு கிலோவுக்கு 20 யூனிட். உங்கள் மகன் 25 கிலோ என்றால் 500 யூனிட். ஒரே ஒரு தடவைதான், அதுவும் முதல் தடுப்பூசி போட்டு 7 நாளுக்குள். பெரும்பாலும் மருத்துவமனையில்தான் இருக்கும், சிறிய கிளினிக்கில் வைத்திருக்க மாட்டார்கள். நாய் கண்காணிப்பில் இருப்பதைப் பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று அங்குள்ள மருத்துவர் முடிவு செய்யட்டும். கேட்கும் வேலை மட்டும் உங்களுடையது. நம் பக்கத்துக்கு இது தேவையில்லாத பயம் என்றும் சொல்ல முடியாது. மலேசியா வெறிநோயற்ற நாடு என்று 2012இல் அறிவிக்கப்பட்டது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலேயே நோய் மறுபடி தலைகாட்டியது. 2017இலிருந்து சரவாக்கில் உயிர்ப்பலியும் வாங்கிவருகிறது.

இனி கடிதத்தின் மற்ற பகுதி. அதைப் படித்ததும் கண்ணில் பட்டது ஒன்றுதான். இரண்டு கடிக்கும் சிகிச்சையை மாற்றிச் செய்திருக்கிறீர்கள். பாம்பு கடித்த காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள், நாய் கடித்த காலைக் கழுவாமல் மூடிக் கட்டினார்கள். நேர்மாறாகச் செய்திருக்க வேண்டும். தோட்டப் பக்கத்தில் இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற தவறும் அல்ல.

நாயின் பல்லில் ஒட்டி வரும் கிருமி காயத்தின் வாயிலும் சதையிலும் கொஞ்ச நேரம் கிடக்கும். அதன் மேலுறை கொழுப்பால் ஆனது. பாத்திரத்து எண்ணெயைச் சோப்பு எப்படிப் போக்குகிறதோ அதேபோல அந்த உறையையும் கரைத்துவிடும், கிருமி செத்துவிடும். நரம்புக்குள் ஏறிவிட்ட பிறகு கழுவிப் பயனில்லை. மெல்ல மெல்ல நரம்பு வழியே மூளையை நோக்கிப் போகும். வாரங்கள் ஆகலாம், இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்களை உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும் பிறாண்டினாலும் முதல் மருந்து வீட்டுக் குழாய்தான். குழாயைத் திறந்துவிட்டு, சாதாரணக் குளிக்கும் சோப்பு அல்லது துணி சோப்பை நுரை வரப் போட்டு, கடிவாயைத் திறந்து பிடித்து, ஓடும் நீரில் 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். பார்க்காவிட்டால் இரண்டு நிமிடத்தையே பதினைந்தென்று மனம் சொல்லும். பிள்ளை அழுவான், எரியும், ரத்தம் கொஞ்சம் கூடவும் வரும். பீறிட்டு அடித்தாலொழிய அந்த ரத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். பிறகு அயோடின் மருந்து இருந்தால் ஊற்றி, சுத்தமான துணியை லேசாகப் போர்த்தினால் போதும். தையல் போடச் சொல்லி நீங்களே கேட்காதீர்கள். தைத்தால் கிருமியை உள்ளே வைத்து மூடியதாகும். முகத்தில் பெரிதாகக் கிழிந்திருந்தால் மட்டும், எதிர்ப்புப் பொருளைக் காயத்தில் ஏற்றிய பிறகு இரண்டொரு தையல் போடுவார்கள்.

மஞ்சள், காபித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எல்லாமே காயத்தின் வாயை அடைத்து, கிருமி நிம்மதியாக உள்ளே இருக்க இடம் செய்துகொடுக்கின்றன. மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். மகனின் காலை இப்போது கழுவியாயிற்றா என்று மட்டும் பாருங்கள். மறுநாள் கிளினிக்கில் தூளையெல்லாம் சுரண்டி எடுத்துக் கழுவியிருப்பார்கள். தாமதமாகக் கழுவுவதும் கழுவாமல் விடுவதைவிட மேல்தான்.

பாம்பு விஷயம் வேறு. பாம்பின் பல் ஊசிபோல. விஷத்தைத் தோலுக்கு அடியில் செலுத்திவிட்டுப் போய்விடுகிறது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் அது வெளியே வராது. தேய்ப்பதும் பிசைவதும் காலை அசைப்பதும் சதையையும் நிணநீரையும் இயக்கி, விஷம் வேகமாக மேலே போக உதவிசெய்யும். ஈரத்துணியால் ஒரு தடவை மெல்ல ஒற்றி எடுங்கள், மூடுங்கள், அதோடு கடிவாயை விட்டுவிடுங்கள்.

கயிறு கட்டியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் வருணிக்கிற வீக்கத்தையும், கடித்த பாம்பு அடித்துத் துரத்தும்வரை அதே இடத்தில் சுருண்டு கிடந்தது என்று மாமனார் சொன்னதாக எழுதியதையும் வைத்துப் பார்த்தால், அது பெரும்பாலும் மலாய்க்காரர்கள் 'காப்பாக் போடோ' என்கிற குழிவிரியன். பெர்லிஸ், கெடா, பினாங்கு, கிளந்தான் என்று வடக்கே உள்ளது. முக்கால் மீட்டர் நீளம், தடித்த உடம்பு, முக்கோணத் தலை, கூரிய மூக்கு, முதுகின் இருபுறமும் அடர்பழுப்பு முக்கோணங்கள். பால் மரத்தடிச் சருகில் கிடந்தால் டார்ச் வெளிச்சத்திலும் சருகாகவே தெரியும். ஆள் வந்தாலும் நகராது. 'போடோ' என்று பெயர் வந்ததே அதனால்தான். இதன் விஷம் இரண்டு வேலை செய்கிறது. கடித்த இடத்துச் சதையை அரிக்கிறது, ரத்தத்தில் உறைவதற்கான நாரைத் தின்றுவிடுகிறது. அந்த விஷத்தைக் கயிறு கட்டிக் காலிலேயே தேக்கினால், அரிக்கிற வேலை ஒரே இடத்தில் குவியும். மேலிருந்து ரத்தமும் வராமல் போனால் சதை அழுகும். விரலையோ காலையோ எடுக்க வேண்டிவருவதற்கு விஷத்தைவிடக் கயிறு காரணமாக இருந்ததுண்டு. உங்கள் மாமனாருக்கு மூன்று மணி நேரக் கட்டுக்குப் பிறகும் கால் தப்பியது என்றால், அவர் கூட்டாளி கட்டியது அவர் நினைத்த அளவு இறுக்கமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஏற்கெனவே இறுக்கிக் கட்டிவிட்ட நிலையில் ஒருவரை நீங்கள் பார்த்தால், வழியில் அவிழ்த்துவிடாதீர்கள். தேங்கிய விஷம் ஒரே மூச்சில் உடம்பில் ஏறும். மருத்துவமனையில் ரத்தக்குழாயில் ஊசி ஏற்றி, மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு அவிழ்ப்பார்கள். கட்டு உண்டு என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள், கால்சட்டைக்குள் மறைந்து கிடக்கும்.

பிளேடு இன்னும் மோசம். பல் பட்ட இடம் இரண்டு ஊசிப்புள்ளி. பிளேடு கீறியது இரண்டு விரற்கடை. ரத்தம் உறையாத உடம்பில் அந்த இரண்டு புள்ளியிலிருந்து கசிவதை ஒரு துணியால் அடக்கலாம், கீறலை அடக்க முடியாது. வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, விஷக்கல் ஒட்டுவது, சம்சு சாராயம் கொடுப்பது எதுவும் வேண்டாம். வலிக்குப் பனடோல் கொடுக்கலாம். ஆஸ்பிரினும், மூட்டுவலிக்கு வாங்கி வைத்திருக்கும் மாத்திரைகளும் ரத்தக்கசிவைக் கூட்டும், கொடுக்காதீர்கள்.

மந்திரித்தவர்கள் பிழைத்தார்களே என்பீர்கள். பிழைத்திருப்பார்கள். விஷப்பாம்பு கடித்தாலும் எப்போதும் விஷம் செலுத்துவதில்லை. வெறும் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போவதுண்டு. அலிஸ்டர் ரீட் என்ற மருத்துவர் பினாங்கில் பல ஆண்டு பாம்புக்கடி நோயாளிகளைக் கவனித்து, 1961இல் அங்கே பாம்பு விஷ ஆராய்ச்சி நிலையமும் தொடங்கினார். கடிபட்டு வந்தவர்களில் பெரும்பகுதியினருக்கு விஷம் ஏறவே இல்லை அல்லது சொற்பமாகத்தான் ஏறியது என்பதை அவர் பதிவுசெய்தார். அந்தப் பெரும்பகுதியினர்தான் மந்திரிப்பவருக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிறவர்கள். நம்பிக்கை இருந்தால் அவர் வார்டுக்கு வந்து கட்டிலருகே மந்திரிக்கட்டும், யாரும் தடுக்கப்போவதில்லை. போகும் வழியில் அவர் வீட்டில் இறங்குவதுதான் உயிருக்கு விலை.

அப்படியானால் என்ன செய்வது? கடித்த இடத்திலேயே உட்கார வைத்துவிடுங்கள், முடிந்தால் படுக்க வையுங்கள். பாம்பிலிருந்து சில அடி தள்ளி. நடக்கவிடாதீர்கள். கால்மோதிரம், கொலுசு, மோதிரம், காப்பு, கடிகாரம், இறுக்கமான காலணி எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். வீங்கிய விரலிலிருந்து மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க முடியும். கடிபட்ட காலுக்கு இருபுறமும் இரண்டு நேரான கழி வைத்து, கணுக்காலும் முழங்காலும் அசையாதபடி துண்டாலோ கைலியாலோ சுற்றிக் கட்டுங்கள். இறுக்கம் எவ்வளவு? கட்டுக்குள் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல, அசைவை நிறுத்தத்தான் இந்தக் கட்டு. காலைத் தொங்கவிடவும் வேண்டாம், தலையணை வைத்து உயர்த்தவும் வேண்டாம்.

காட்டுக்குள்ளிருந்து ரோட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் தோட்டத்தில் உண்மையான சிக்கல். செம்பனைக் குலை ஏற்றும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைவிட நல்ல ஸ்ட்ரெச்சர் அங்கே கிடைக்காது. சாக்கு விரித்து உட்கார வைத்துத் தள்ளிவரலாம். அது இல்லாவிட்டால் கேன்வாஸில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கலாம். மோட்டார் தவிர வேறு வழியே இல்லையென்றால் கடிபட்டவர் ஓட்டக்கூடாது. ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவே உட்கார வேண்டும், பாதி வழியில் மயக்கம் வரலாம். அதே நேரத்தில் ஒருவர் 999க்கு அழைத்து, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, லோரி வரும் பாதை எது என்று சொல்லட்டும். ஆம்புலன்ஸை உள்ளே வரச்சொல்லிக் காத்திருப்பதைவிட மெயின் ரோட்டுச் சந்திப்பில் எதிர்கொள்வது பல சமயம் விரைவு. போக வேண்டிய இடம் அவசரச் சிகிச்சைப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனை. தோட்டத்து டிரெஸ்ஸரோ பக்கத்துக் கிளினிக்கோ விஷமுறிவு மருந்து வைத்திருக்க மாட்டார்கள். அங்கே நிற்கும் ஒவ்வொரு பத்து நிமிடமும் வீண்.

போகும்போதே ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். வீக்கமும் தொட்டால் வலிக்கிற எல்லையும் எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே தோலில் ஒரு கோடு, பக்கத்தில் நேரம்: 6.40. கால் மணி நேரம் கழித்து இன்னொரு கோடு: 6.55. இப்படி நாலு கோடு போட்டு அழைத்துவந்தால், வீக்கம் எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பது மருத்துவருக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும். மருந்து வேண்டுமா என்ற முடிவில் அந்த வேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது நீங்கள் குறைப்பட்டுக்கொண்ட கண்ணாடிக் குழாய்க்கு வருவோம். அந்தக் காத்திருப்பு அலட்சியம் அல்ல. புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைக்கிறார்கள். பிறகு ஒரே ஒரு முறை சாய்க்கிறார்கள். உறைந்து தயிர்போல் ஒட்டி நின்றால் அந்த நேரத்துக்கு ரத்தம் பரவாயில்லை. தண்ணீர்போல ஓடி வந்துவிட்டால், உறைவதற்கான நாரை விஷம் காலிசெய்துவிட்டது என்று பொருள். வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாவிட்டாலும் மருந்து உடனே வேண்டும். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் ரத்தத்தை உறையத் தூண்டுவது கண்ணாடியின் பரப்பு. பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும். டிடர்ஜென்ட் போட்டுக் கழுவிய பழைய குழாயும் அப்படியே. குழிவிரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்வதைக் கவனித்ததிலிருந்துதான், அதே விஷத்திலிருந்து அன்கிராட் என்று ஒரு மருந்தே பிறகு எடுத்தார்கள். மருந்து கொடுக்காமல் விட்டால் சிலருக்கு இந்த உறையாமை நாட்கணக்கில், வாரக்கணக்கில்கூட நீடிக்கும். கால் வலி குறைந்துவிட்டது என்று பாதியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவது அதனால்தான் ஆபத்து.

எல்லோருக்கும் உடனே ஊசி போட்டுவிட்டால் என்ன? போடலாம்தான், ஆனால் குதிரைப் புரதம் சிலருக்கு நிமிடங்களிலேயே கடும் ஒவ்வாமையைக் கிளப்பும். மூச்சு அடைக்கும், ரத்த அழுத்தம் விழும். அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். விஷம் ஏறாதவருக்கு அந்த ஆபத்தைக் கொடுக்க நியாயமில்லை. மருந்து ஏறிய பிறகும் சுமார் 6 மணி நேரம் கழித்துக் குழாய்ச் சோதனையைத் திரும்பச் செய்கிறார்கள். தின்னப்பட்ட நாரைக் கல்லீரல் புதிதாகச் செய்து முடிக்க அவ்வளவு நேரமாவது ஆகும். இன்னும் உறையாவிட்டால் மறுபடி மருந்து. எதுவுமே தெரியாதவரையும் 24 மணி நேரமாவது வார்டில் வைத்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைக்குப் பாதி அளவு மருந்து போதாதா என்று பெற்றோர் கேட்பதுண்டு. மருந்து முறிப்பது விஷத்தை. பாம்பு பெரியவருக்குச் செலுத்துகிற அதே விஷத்தைத்தான் பிள்ளைக்கும் செலுத்துகிறது. அளவு ஒன்றே.

எந்தப் பாம்பு என்று டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்பதற்கும் காரணம் உண்டு. இங்கே பெரும்பாலும் பயன்படுத்துவது பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோவபா நிறுவனம் செய்கிற மருந்து. ரத்தத்தைத் தாக்கும் பாம்புகளுக்கு ஒன்று, நரம்பைத் தாக்கும் பாம்புகளுக்கு வேறொன்று. மாற்றிப் போட்டால் பயனில்லை. தமிழ்நாட்டிலிருந்து வாட்ஸாப்பில் வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே முடிவெடுக்காதீர்கள். அங்கே சொல்லும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நம் நாட்டில் இல்லை. அங்குள்ள நான்கு பாம்புகளுக்கான கூட்டு மருந்து நம் குழிவிரியனுக்காகச் செய்யப்பட்டதல்ல.

பாம்பைக் கொன்று பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். துரத்திப் போய் இரண்டாவது கடி வாங்கியவர்கள் உண்டு. வெட்டுண்ட தலைகூட ஒரு மணி நேரம் கழிந்தும் கடிக்கும். எட்ட நின்று கைப்பேசியில் ஒரு படம், தலையும் முதுகும் தெரிந்தால் போதும். விஷக்கடிக்கென்றே நம் நாட்டில் மருத்துவர்களுக்கு இரவு பகலாக ஆலோசனை சொல்லும் 'ரெக்ஸ்' என்ற நிபுணர் குழு இருக்கிறது. உங்கள் படம் வார்டிலிருந்து அவர்களுக்கு நொடியில் போய்விடும். படம் கிடைக்கவில்லையா, பரவாயில்லை. அறிகுறியை வைத்தே சிகிச்சை நடக்கும். வீட்டுக்குள் பாம்பு என்றால் பொம்பா எனும் தீயணைப்புப் படையையோ பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிடுங்கள், பிடித்துப்போவார்கள்.

எல்லாப் பாம்பும் வீங்க வைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'காத்தாம் தெபு' என்கிற கறுப்பு வெள்ளைப் பட்டைக் கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடித்தால் எறும்பு கடித்ததுபோலத்தான் இருக்கும். வீக்கமில்லை, வலியில்லை. சில மணி நேரம் கழித்து இமை தானாகக் கீழே இறங்கும், பேச்சு மூக்கால் வரும், எச்சில் விழுங்க முடியாது, பிறகு மூச்சு. காரணமில்லாமல் இமை சரிந்தவரை உறக்கக் கலக்கம் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போங்கள். மூச்சுக் கருவியில் வைத்துவிட்டால் இவர்கள் நன்றாகப் பிழைக்கிறவர்கள். அப்படிக் கண் திறக்காமல், கை அசைக்காமல் கிடப்பவருக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர் தலைமாட்டில் நின்று ஒப்பாரி வைக்காதீர்கள்.

செம்பனைக் காட்டில் எலி இருக்கும் இடமெல்லாம் நாகமும் இருக்கும். வெட்டிய மட்டைகளை அடுக்கி வைத்திருக்கும் வரிசைதான் அதற்கு வீடு. கறுத்த சீறும் நாகம் தூரத்திலிருந்தே கண்ணைக் குறிவைத்து விஷத்தைப் பீய்ச்சும். கசக்காமல், இமையைப் பிரித்துப் பிடித்து, 20 நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். தாய்ப்பால் விடுவார்கள், அதுவும் ஒரு திரவம்தான், ஆனால் அதைத் தேடி லயத்துக்கு ஓடுவதற்குள் கண் வெந்துவிடும். கையிலிருக்கும் குடிதண்ணீர் போதும்.

மற்றவை சுருக்கமாக. பூனைக்கடி பார்க்கச் சின்னதாக இருக்கும், ஆனால் ஊசிப்பல் ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே விட்டு மூடிக்கொள்ளும். ஒரே நாளில் கை சிவந்து வீங்கும். விரலிலோ மணிக்கட்டிலோ கடித்திருந்தால் வீங்கும்வரை காத்திராமல் ஆன்டிபயாடிக் கேளுங்கள். கோயில் குரங்கு பிறாண்டினாலும் அதே 15 நிமிடச் சோப்பு, அதே மருத்துவமனை. எலி கடித்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலி கடித்ததை மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கான மருந்து வேறு. எந்தக் கடிக்கும் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள். பாம்புக்கடியில் மட்டும், ரத்தம் உறையாத நேரத்தில் அந்த ஊசியைத் தசையில் போட மாட்டார்கள், பிறகு போடுவார்கள்.

மாமனார் திரும்பப் பால் வெட்டப் போவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் போகத்தான் போகிறார். வீக்கம் முழுதும் வடிந்து, கடிவாய் ஆறி, ரத்தச் சோதனை சரியென்று மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். இனிப்பு நீரால் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் அடுத்த கடியை அவர் முள் குத்தியதாகவே நினைப்பார். முழங்காலுக்குக் கீழ்வரை வரும் ரப்பர் பூட்ஸ், தலைவிளக்கோடு கையில் ஒரு டார்ச், மரத்துக்கு மரம் போகும்போது சருகைத் தட்டிப்பார்க்க நீளக் கழி. தனியாகப் போகக்கூடாது. அவர் பையில் இருக்கும் கயிற்றையும் பிளேடையும் எடுத்துவிட்டு, நான்கு விரல் அகலத்தில் ஒரு துணிச்சுருள், முக்கால் மீட்டர் நீளத்தில் இரண்டு மூங்கில் பட்டை, ஒரு பேனா, ஒரு சோப்புத் துண்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீர், சார்ஜ் ஏற்றிய கைப்பேசி இவற்றை வையுங்கள். சோப்பு நாய்க்கடிக்கு என்று கூட்டாளியிடமும் சொல்லி அனுப்புங்கள்.